கருக்குழாயின் திறந்த முனை

படிக்கும் காலத்தில் பெண் இனப்பெருக்க உறுப்புகளின் படத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நடுவில் கவிழ்த்து வைத்த பேரிக்காய் போலக் கருப்பை, நீளம் ஏறக்குறைய 7.5 செ.மீ., இரண்டு பக்கமும் சுமார் 10 செ.மீ. நீளத்தில் கருக்குழாய்கள், அவற்றின் முனையில் சினைப்பைகள். சினைப்பையைக் குழாயோடு ஒட்டியேதான் வரைவேன். யாரும் திருத்தவில்லை, மார்க்கும் வந்துவிடும்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு நள்ளிரவில், வலது தோள்பட்டை வலிக்கிறது என்று ஒரு பெண் வந்தார். படுத்தால் வலி கூடுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். கையைத் தூக்கி அசைத்துப் பார்த்தேன், மூட்டில் கோளாறு எதுவும் தெரியவில்லை. சரி, சுளுக்காக இருக்கும் என்று வலி மாத்திரை எழுதப் போனேன். பின்னால் வந்து நின்ற மூத்த மருத்துவர் அவருடைய நாடியைப் பிடித்தபடியே, "கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?" என்று கேட்டார்.

ஏழு வாரம் ஆகியிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ். ஸ்கேனில் கருப்பைக்குள் கரு இல்லை, ஆனால் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருக்கும் டக்ளஸ் பள்ளத்தில் ரத்தம் தேங்கியிருந்தது. நிற்கும்போது வயிற்றறையிலேயே ஆகத் தாழ்வான இடம் அதுதான் என்பதால் கசிவது எல்லாம் முதலில் அங்கேதான் சேரும். அது நிறைந்து, படுத்ததும் மேல்நோக்கிப் பரவி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து கிளம்புவதால், வயிற்றுக்குள் ஒழுகிய ரத்தத்தை மூளை தோள்வலி என்று படித்துக்கொண்டது. நான் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவை அரங்கில் அன்றுதான் கருக்குழாயை உயிரோடு பார்த்தேன். முனை விரல் விரலாகப் பிரிந்து சினைப்பைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, ஒட்டவில்லை. சினைப்பையிலிருந்து சினைமுட்டை வெளியே வந்ததும் அந்த விரல்கள்தான் அதை வாரி எடுத்துக்கொள்கின்றன. குழாயின் அகன்ற நடுப்பகுதியில் கருத்தரிக்கிறது, அங்கிருந்து கருப்பைக்கு நகர வேண்டும். பழைய தொற்றால் குழாயின் உள்ளே தழும்பு இருந்தால் கரு வழியிலேயே தங்கிவிடும். வளரும் கருவுக்கு ஈடுகொடுக்கும் தடிமன் அந்தச் சுவருக்குக் கிடையாது, கிழிந்துவிடும். அவருக்கு நடந்தது அதுதான். குழாயை எடுத்தோம், பிழைத்துக்கொண்டார்.

அந்தத் திறப்பு இருப்பதால்தான் பெண்ணின் வயிற்றறைக்கு யோனி, கருப்பை வாய், கருப்பை, குழாய் என்று வெளியிலிருந்து ஒரு பாதை இருக்கிறது, ஆணுக்கு அது இல்லை. கீழே தொடங்கும் தொற்று மேலேறி வயிற்றுக்குள் போவதும் இதே பாதையில்தான். அதனால் வெள்ளைப்படுதலோடு அடிவயிறு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அவசரப்பட்டு அனுப்பிவிடுவதில்லை.

இப்போது என்னிடம் படிக்க வருகிறவர்களை அந்த இடைவெளியை விட்டுத்தான் வரையச் சொல்கிறேன். நோயாளிகளுக்கும் அப்படியே வரைந்து காட்டுவேன். அண்மையில், ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் சினைப்பையும் எடுக்கப்பட்ட ஒருவர், இனி குழந்தைக்கு வாய்ப்பே இல்லையா என்று கேட்டார். இந்தப் பக்கத்து முட்டையை அந்தப் பக்கத்துக் குழாய் எடுத்துக்கொள்வதும் உண்டு, இரண்டும் ஒட்டியே இல்லை பாருங்கள் என்று படத்தில் காட்டினேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.