தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றில்லை

ரத்த வங்கிக்கு வரும் தட்டணு (பிளேட்லெட்) கோரிக்கைச் சீட்டில் நோய் விவரம் எழுதும் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்புவார்கள். டெங்குக் காலம் ஊட்டிய பயம் அது. அந்தக் கட்டம் நிரம்பாமல் நான் பை கொடுப்பதில்லை.

மூட்டு மாற்று அறுவை முடிந்து ஒரு வாரமான ஓர் அம்மாவுக்கு 2,40,000 இருந்த தட்டணு 60,000-க்கு இறங்கியிருந்தது. "ரெண்டு பை குடுங்க மேடம், ரத்தம் கசிஞ்சிடப் போகுது" என்று மகன் பதறினார். வார்டுக்குப் போன் போட்டேன். கசிவு எங்குமில்லை, காலையிலிருந்து இடது கால் வீங்கியிருக்கிறதாம். அறுவை நாளிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி போய்க்கொண்டிருந்தது.

தட்டணுக்கள் வெளிவிடும் பி.எஃப்.4 என்ற புரதத்தோடு ஹெப்பாரின் ஒட்டிக்கொள்ளும். சிலரது உடம்பு அந்தக் கூட்டை அந்நியமாகக் கருதி எதிர்ப்பான்களை உண்டாக்குகிறது, பெரும்பாலும் ஊசி தொடங்கிய 5 முதல் 10 நாட்களில். அவை தட்டணுக்களை உசுப்பிவிட, மேலும் பி.எஃப்.4 கொட்டுகிறது, ரத்தம் உறையத் தொடங்குகிறது. உறையாமலிருக்கப் போட்ட மருந்தே உறைய வைக்கிறது! கசிவே இல்லாதவருக்கு இந்த நேரத்தில் தட்டணு ஏற்றுவது எரியும் அடுப்பில் விறகு வைப்பதுதான்.

மகனின் பயத்திலும் நியாயம் உண்டு. தட்டணுக்கள் குறைந்துபோகும் ஐ.டி.பி. என்ற நோயிலும் எதிர்ப்பான்கள்தான் வினை. ஆனால் அங்கே அவை ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரல் விழுங்கிவிடும், ரத்தம் கசியும். 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர் அந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவரது தட்டணுக்கள் அடியோடு சரிந்தன. குற்றவாளி ரத்தத்திலேயே இருக்கிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும்.

அம்மாவுக்கு ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி தெரிந்தது. ஹெப்பாரினை அடியோடு நிறுத்தினார்கள். ஊசிக்குழாயைக் கழுவ விடும் ஹெப்பாரின் துளிகூடக் கூடாது. வேறு வகை உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாற்றினார்கள். தட்டணுக்கள் மெல்ல ஏறின.

"தம்பி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அம்மாவுக்கு ஹெப்பாரின் ஆகாதுன்னு முதல்ல சொல்லிடுங்க. ஆஞ்சியோ, டயாலிசிஸ், எதுவானாலும்" என்றேன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதவும் சொன்னேன்.