மழைக்குப் பிறகு கைகர் கவுண்டர் அலறினால்

மழை விட்ட கையோடு கார் கூரையை ஒரு டிஷ்யூ பேப்பரால் துடைத்து, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்டரின் கீழே வையுங்கள். சடசடவென்று அடிக்கும், வழக்கமான பின்னணி அளவைவிடப் பல மடங்குகூடக் காட்டலாம். உடனே அதைப் படம் பிடித்து, எங்கோ அணு உலை வெடித்துவிட்டது, மறைக்கிறார்கள் என்று போடுவதற்கு ஒவ்வொரு மழைக்கும் யாராவது கிளம்பிவிடுகிறார்கள்.

மூன்று மணி நேரம் பொறுத்து அதே பேப்பரை, அதே தூரத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்று மாறி தூசியில் ஒட்டிக்கொள்ளும், அதை மழையும் பனியும் கழுவிக் கீழே இறக்கும், அவ்வளவுதான். முன்னதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 27 நிமிடம், பின்னதற்கு 20. உலையிலிருந்து வரும் அயோடின்-131க்கு 8 நாள், சீசியம்-137க்கு 30 வருடம், அவை மூன்று மணி நேரத்தில் எங்கும் போகாது. ஆக, இந்த வேலையில் கவுண்டரைவிடக் கடிகாரம்தான் முக்கியம். மறுநாளும் லேசாக மிச்சமிருந்தால்? ரேடானின் இன்னொரு வகையான தோரான் வழி வரும் ஈயம்-212 ஆக இருக்கலாம், அதன் அரை ஆயுள் 10.6 மணி, அதுவும் இயற்கைதான்.

அதற்காகப் பயப்படுகிறவர்களைக் கேலி செய்யவும் முடியாது. 1953 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் இடிமழைக்குப் பிறகு கல்லூரி ஆய்வகக் கருவிகள் எகிறின. ஒன்றரை நாள் முன்னால் நெவாடாவில் வெடித்த குண்டின் தூசு, 3,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து அங்கே மழையோடு இறங்கியிருந்தது.

மாதிரி எடுப்பதில் பெரிய வித்தை கிடையாது. துடைக்கும் பரப்பு எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும், மழை நின்ற நேரத்தையும் அளந்த நேரத்தையும் எழுதி வையுங்கள், பனி என்றால் புதிதாக விழுந்த மேல் அடுக்கு மட்டும் போதும். தண்ணீரை வற்றவைத்துப் படிவை அளப்பதாக இருந்தால் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், அயோடின் இருந்தால் ஆவியோடு தப்பிவிடும்.

தூசியில்தான் குழப்பம் அதிகம். 1950, 60களின் குண்டுச் சோதனைகள் விட்டுப்போன சீசியம்-137 இன்னும் மண்ணில் இருக்கிறது, புழுதிக்காற்று அதைக் கிளப்பிக்கொண்டு வரும். கதிர் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டும் காமா ஸ்பெக்ட்ரோமீட்டரில் அது தெரிந்ததுமே புதுக் கசிவு என்று சொல்லிவிட முடியாது. கூடவே சீசியம்-134 இருக்கிறதா என்று பாருங்கள், அதன் அரை ஆயுள் 2 வருடம்தான், குண்டுகளிலிருந்து அது வருவதும் மிகக் குறைவு. அது இருந்தால் அப்புறம் தாராளமாகப் பதறலாம்.