பேனாவால் திருத்திய பூமி

இன்று பார்த்த ஒரு ஸ்கேன் பக்கம்: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல், முதல் பாகம், 11ஆம் அத்தியாயம். தலைப்பில் 'பூமியின் மூவகை இயக்கம்' என்றிருந்ததை யாரோ பேனாவால் 'மூவகை இயக்கம் என்ற கருதுகோள்' ஆக்கியிருக்கிறார்.

1616இல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை இந்நூலைத் திருத்தும்வரை நிறுத்திவைத்தது. திருத்தப் பட்டியல் 1620இல் வந்தது. பிரதி வைத்திருப்பவரே அடித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேர் செய்தார்கள்?

வானியலாளர் ஓவன் கிங்கெரிச் முப்பது ஆண்டுகளாக நூலகம் நூலகமாக அலைந்து, 1543, 1566 பதிப்புகளில் சுமார் 600 பிரதிகளைப் புரட்டினார். அசுர உழைப்பு!

இத்தாலியில் இருந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திருத்தப்பட்டவை. கலிலியோவின் பிரதியும் அதில் அடக்கம். ஆனால் அடித்த கோடு மெல்லியது, கீழே உள்ள அச்சு நன்றாகவே தெரிகிறது. கத்தோலிக்க ஸ்பெயினிலோ அனேகமாக யாரும் தொடவே இல்லை. "மதம் அறிவியலை நசுக்கியது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிரதி இன்று எந்த ஊரில் இருக்கிறது என்று எண்ணினால் முடிவு தப்பாகிவிடும். புத்தகங்கள் கைமாறும். 1620 வாக்கில் அது யாரிடம் இருந்தது என்பதை உரிமையாளர் கையெழுத்து, மடத்தின் முத்திரை, ஓரக்குறிப்பின் கையெழுத்து இவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.