மாமாவின் விக்கலும் மாப்பிள்ளை வீட்டாரும்

தங்கச்சியின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் களுவாஞ்சிகுடிக்கு வந்திருந்தார்கள். மட்டக்களப்பில் கலியாணப் பேச்சென்றால் அது வீட்டுப் பேச்சுத்தான். பொம்பிளைக்கு வீடு கொடுக்காமல் ஒன்றும் நகராது. குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவதால் தாய்மாமன் வாய் திறந்தால்தான் பேச்சு. எங்கள் தாய்மாமன் வரட்டுப் பிட்டைச் சம்பலோடு அவசரமாக விழுங்கிவிட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, "வீட்டை நாங்க எழுதி..." என்று தொடங்கினார்.

ஹிக்.

மாப்பிள்ளையின் தகப்பன் புருவத்தைத் தூக்கினார். எழுதி, பிறகு?

"ஆரோ நினைக்காங்க," என்றா பெரியம்மா.

மாமி மெல்லக் கிறுகிப் பார்த்தா. "நான் இஞ்ச பக்கத்திலதானே இருக்கன். மறுகா ஆரு நினைக்கிற?"

மாமாவுக்கு விக்கல் இரட்டிப்பானது.

மாப்பிள்ளையின் அப்பப்பா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். "ஒருத்தர் நினைச்சா வாறது தும்மல், பிள்ளை. 1203ஆம் குறள். விக்கல் வேற இடத்தில வருது," என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்..." என்று 335ஆம் குறளை ராகத்தோடு எடுத்தார். நாக்கு அடங்கிக் கடைசி விக்கல் மேலெழும் முன்னம் நல்லதைச் செய்துவிடு என்கிற நிலையாமைக் குறள். மாமாவின் முகம் வெளுத்தது. "வீடு எழுதுறதும் நல்ல காரியந்தானே," என்று வாத்தியார் மெல்லமாகச் சேர்த்தார். ஆள் லேசுப்பட்டவரில்லை.

என் மச்சாள் தாதி. விளக்கம் சொல்லாமல் இருக்க அவவால் முடியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசை தன்பாட்டில் வெடுக்கென்று இழுபடுமாம். காற்று உள்ளே பாயும்போதே குரல்நாண்கள் படாரென்று மூடுமாம். அந்த மூடுகிற சத்தந்தான் ஹிக். அவசரமாக விழுங்கினாலும் வருமாம். பிட்டுக் கோப்பையை எல்லோரும் பார்த்தோம்.

"பயப்பிடாதீங்க மாமா. அமெரிக்காவில சார்ள்ஸ் ஒஸ்போர்ன் எண்டு ஒராள், 1922இல பன்றி நிறுக்கக்குள்ள தொடங்கி 1990 வரைக்கும் விக்கினவர். விக்கிக்கிட்டே ரெண்டு கலியாணமும் முடிச்சவர்."

மாமி திரும்பவும் கிறுகிப் பார்த்தா.

சீனி ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் அக்காவின் சின்ன மகள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்யும் வைத்தியத்தைக் கையிலெடுத்தாள். சபை நடுவில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள்:

"அலுமாரிக்குள்ள இருந்த காசை நீங்கதானே களவெடுத்தீங்க?"

"ஆரு, நானா!" மாமா கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். நெற்றியில் வியர்வை. விக்கல் போன இடம் தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் பக்கம் சரிந்து, காதோடு கேட்டா:

"எவ்வளவு காசுகா?"