மடக்கு ஏர் ரைபிளை இறுக்கிப் பிடிக்காதீங்க

"ஏர் ரைபிள் வச்சிருக்கேன்" என்றால், "பீச்சுல பலூன் சுடுவாங்களே, அதுவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அந்த வகைதான். பேரலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறும், பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வைத்து நிமிர்த்திச் சுட வேண்டும். காற்று அடைக்க வேண்டாம், பம்ப் வேண்டாம். உள்நாட்டுத் தயாரிப்பு, நல்ல செல்போன் ஒன்றின் விலைகூட ஆகவில்லை.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பிஸ்டன், சீல், ஸ்பிரிங் எல்லாம் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள். அதனால்தானோ என்னவோ, இந்தத் துப்பாக்கியின் உள்வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. பேரலை மடக்கும்போது ஒரு கம்பி பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கும். பிஸ்டன் கொக்கியில் மாட்டி நிற்கும். ட்ரிக்கரை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் முனையில் நசுங்கிய காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும், உடனே துப்பாக்கி முன்னால் குதிக்கும். பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை. இந்த ஆட்டம் தொடங்கும்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

"விலை கம்மி, அதான் குறி நிக்கல" என்று இந்தத் துப்பாக்கிகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறி நிற்காததற்குப் பெரும்பாலும் பிடிதான் காரணம்.

போன மாதம் கிணத்துக்கடவுத் தோட்டத்துக்கு மச்சான் மகன் வந்திருந்தான். மண் வரப்புக்கு முன்னால் அட்டை வைத்து பத்து மீட்டரில் சுட்டான். உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது.

"மாமா, சைட்டு கோணலா இருக்குங்."

"சைட்டு நேராத்தான் இருக்குது கண்ணு. நீ எதுக்கு அதைப் போட்டு இந்த நெரி நெரிக்கிற?"

பின்கட்டையைத் தோளுக்குள் அழுத்தி, முன்கட்டையை விரல் வெளுக்கப் பிடித்திருந்தான். ஒவ்வொரு முறையும் அழுத்தம் மாறுகிறது, ஆட்டமும் அதற்கேற்ப மாறுகிறது. இடது கையை விபூதி வாங்குவதுபோல் விரிக்கச் சொல்லி, ட்ரிக்கர் வளையத்துக்குச் சற்று முன்னால் உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா உட்கார வைத்தேன். விரல் மடங்கக் கூடாது. தோளில் பட்டும் படாமல் இருந்தால் போதும், கன்னத்தையும் லேசாக வைத்தால் போதும். சுட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் சைட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அதன் இஷ்டத்துக்கு அது உதைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைக்கும். அடுத்து அவன் சுட்ட ஐந்தில் நான்கு, ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்குள் விழுந்தன. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதே பத்து மீட்டரில்தான். அங்கே சுடுவது அழுத்தக் காற்று அடைத்த ரைபிள், இந்த இரட்டை உதை அதில் கிடையாது. அந்தப் போட்டி அட்டையில் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மிமீ. அதே அட்டையை வாங்கி நானும் சுடுகிறேன். ஏழு, எட்டு விழுகிற நாளில் சோறு ருசிக்கிறது.

பெல்லட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு டப்பாவில் பாதிக்குப் பாவாடை, அதாவது பெல்லட்டின் விரிந்த பின்பக்கம், நசுங்கியிருக்கும். அப்படி நசுங்கியது பேரலில் சரியாக உட்காராது, காற்று கசியும். இரண்டு மூன்று வகை வாங்கி அடித்துப் பார்த்து, உங்கள் பேரலுக்கு எது ஒத்துவருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு 8.44 கிரெய்ன் எடை சரியாக வருகிறது. ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

உரிமம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மிமீ துளைக்கு மிகாமலும் 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. 8.44 கிரெய்ன் என்பது 0.547 கிராம். அது நொடிக்கு 250 மீட்டரில் போனால் சுமார் 17 ஜூல். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பொம்மை என்ற எண்ணமே போய்விட்டது. தவறிப் போகும் பெல்லட் பல நூறு மீட்டர் தாண்டும். பின்னால் மண்மேடு இல்லாமல் நான் சுடுவதில்லை. கல், காங்கிரீட் சுவர் என்றால் தெறித்துத் திரும்பும், கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடுவதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மயில் தொல்லைக்கு என்னிடம் வருகிறார்கள். தக்காளி, நிலக்கடலை எல்லாம் போகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்றே சொல்கிறேன். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் 3 முதல் 7 வருடம் சிறை. சட்டத்தை விடுங்கள், இந்தச் சின்ன ஈயத்துண்டு அதைச் சட்டென்று கொல்லாது. அடிபட்டு எங்கோ புதரில் கிடந்து நாள்கணக்கில் துடிக்கும். காக்கை, புறா, அணில் என்று எந்த உயிரையும் நோக்கி என் துப்பாக்கி திரும்பாது. காலி டப்பா, காகித அட்டை, தேங்காய் ஓடு போதும்.

பராமரிப்பு கொஞ்சம்தான். உதையில் கட்டை ஸ்குரூ தளரும், வாரம் ஒருமுறை பார்த்து முறுக்குங்கள். சிலிண்டருக்குள் கண்ட எண்ணெயை விடாதீர்கள், அழுத்தத்தில் எரிந்து புகையோடு வெடிக்கும், சீல் போய்விடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் போய் முட்டும். பெல்லட் வைக்கும்போது மற்றக் கை பேரலைப் பிடித்தபடியே இருக்கட்டும். கொக்கி நழுவினால் பேரல் மேலே அடித்து விரலை நசுக்கிவிடும்.

"ஸ்கோப் போடலாமா?" என்று கேட்டவர்களுக்கு: போடலாம், ஆனால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்றே செய்ததை வாங்குங்கள். முன்னும் பின்னுமாக வரும் உதையில் சாதாரண ஸ்கோப்பின் உள்பாகங்கள் கழன்றுவிடும். என்னைக் கேட்டால், முதல் வருடம் வெறும் சைட்டிலேயே சுடுங்கள், அந்தக் காசுக்குப் பெல்லட் வாங்குங்கள்.