எல்லோரும் ஐந்து போடும் கேள்வி

"உடல் பரிசோதனை செவிலியர் பணியின் முக்கியமான பகுதி. 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக." செவிலியர்களின் மனப்போக்கை அறிய இப்படிக் கேட்டால் எந்த சிஸ்டர் 1 போடுவார்? இது 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்த முறை. நல்ல முறைதான். ஆனால் மனசில் இருப்பதைவிட, சொன்னால் நன்றாக இருக்கும் பதில்தான் தாளில் விழும்.

ஆஸ்திரேலியாவில் 2014-இல் வந்த ஓர் அளவுகோல், அதாவது கேள்வித்தாள், இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. முக்கியமா என்று கேட்காமல், செய்யவிடாமல் தடுப்பது எது என்று கேட்டது. நேரமில்லை, நடுவில் கூப்பிடுகிறார்கள், தன்னம்பிக்கை இல்லை, செய்துகாட்ட சீனியர் இல்லை, மெஷின்தான் இருக்கிறதே, இந்த வார்டில் அது வழக்கமில்லை... அப்படியே நம்ம டூட்டி ரூம் பேச்சு!

என்னைக் கேட்டால், கேள்வித்தாளோடு நோயாளிகளின் சார்ட்டையும் புரட்ட வேண்டும். பிபி, ஆக்ஸிஜன் எல்லாம் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் முழுதாக ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணியாக வேண்டும். நோயாளி மோசமாவதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எழுதும் இடத்தில் வார்டு முழுக்க 20, 20, 20 என்று நின்றால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்; மனப்போக்கு என்னவென்று தனியாகக் கேட்கவே வேண்டாம்.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். நுரையீரல் சத்தம் கேட்க முதுகில் ஸ்டெத் வைத்தால் "என்ன சிஸ்டர், டாக்டராயிட்டீங்களா?" என்று ஒரு குரல் வரும். ஆய்வு செய்யும் எம்.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளே, அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.