ஏர் கம்ப்ரசர் வைவா: மோட்டார் வேகம் வேறு, பம்ப் வேகம் வேறு

டிப்ளமோ மெக்கானிக்கலில் தெர்மல் லேப் தேர்வுக்குப் போகிறவர்கள் ஏர் கம்ப்ரசர் சோதனையை எளிது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மானோமீட்டரைப் படித்து, சூத்திரத்தில் போட்டு, வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (பிஸ்டன் கடக்கும் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்று உண்மையில் வருகிறது என்பது) எழுதினால் முடிந்தது என்ற நினைப்பு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு வந்த கேள்விகளோ பெரும்பாலும் வேகத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மோட்டாரின் வேகம், பம்பின் (காற்றை அழுத்தும் சிலிண்டர் பகுதியின்) வேகம் என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் 4 துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 1500; ஸ்லிப் (ரோட்டார் பின்தங்கும் அளவு) போக சுமார் 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்றுகள்). 2 துருவ மோட்டார் என்றால் சுமார் 2880. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசரில் இந்த வேகம் அப்படியே பம்புக்குப் போவதில்லை. மோட்டார் புல்லி 125 மி.மீ., பம்ப் ஃபிளைவீல் 250 மி.மீ. என்றால் பம்ப் 720 ஆர்.பி.எம்.தான் சுற்றும். நேரடி இணைப்பில் மோட்டாரின் வேகமே பம்பின் வேகம்.

இது கணக்கில் எங்கே உதைக்கும்? 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 70 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 720 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு, அதாவது இடப்பெயர்ச்சி, நிமிடத்துக்கு சுமார் 194 லிட்டர். அளந்த காற்று 145 லிட்டர் என்றால் எஃபிஷியன்சி 75 சதவீதம். மோட்டார் பிளேட்டில் உள்ள 1440-ஐப் போட்டால் 37 சதவீதம் என்று வந்து நிற்கும். வேகம் அளக்கும் டாக்கோமீட்டரை ஃபிளைவீலில் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து ஆயுள். "வேகம் கூடினால் தேயும்" என்று மட்டும் சொன்னால் போதாது, எது, ஏன் என்று சொல்லுங்கள். பிஸ்டனின் சராசரி வேகம் ஸ்ட்ரோக்கின் இருமடங்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் வரும். அதே 70 மி.மீ. ஸ்ட்ரோக் 720-ல் வினாடிக்கு 1.68 மீட்டர், 2880-ல் 6.72 மீட்டர். ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்வது இந்த உராய்வில். கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் இழுக்கும் நிலைம விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது நான்கு மடங்கு வேகத்துக்குப் பதினாறு மடங்கு விசை. காற்றை உள்ளே, வெளியே விடும் மெல்லிய தகடான ரீட் வால்வு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை திறந்து மூடும். 720-ல் மணிக்கு 43,200 முறை, 2880-ல் 1,72,800 முறை. அது ஏன் சோர்ந்து உடைகிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

காற்றின் தரமும் இதோடு சேர்ந்ததுதான். மெதுவாக அழுத்தும்போது சிலிண்டர் சுவர் வழியே வெப்பம் வெளியேற நேரம் கிடைக்கும். வேகமாக ஓடும் பம்பில் காற்று சூடாகவே டேங்குக்குப் போகும். சூடான காற்றில் ஈரம் ஆவியாகவே தங்கி, ஹோஸில் போய்க் குளிர்ந்து நீராக மாறும். பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. எண்ணெய் ஊற்றி ஓட்டும் பம்பில் டெலிவரி வால்வில் கரி படிவதும் சூட்டால்தான்.

ஆனால் 2880 பம்ப் எல்லாமே மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்ட்ரோக் 30 மி.மீ. என்றால் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 2.88 மீட்டர்தான். தூக்கிச் செல்ல எளிது, விட்டுவிட்டு ஓட்டும் வேலைக்குப் பொருத்தம். நாள் முழுக்க ஓடும் பட்டறைக்குத்தான் மெதுவான பெல்ட் பம்ப். ஆர்.பி.எம்.மோடு ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பேசினால் பாடம் புரிந்திருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

சரி, பெரிய மோட்டார் புல்லி மாட்டி அதிகக் காற்று எடுக்கலாமா? இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். காற்று கூடும், ஆனால் அதே அழுத்தத்தில் தேவைப்படும் ஹெச்.பி.யும் ஏறத்தாழ அதே அளவில் கூடும். மோட்டார் கரண்ட் பெயர்ப்பலகை அளவைத் தாண்டும். தலைகீழாக, பம்பை மிகவும் மெதுவாக்கினால்? ஸ்பிளாஷ் முறை பம்பில் எண்ணெய் மேலே தெறிக்காது, ஃபிளைவீல் ஆரங்கள் தள்ளும் காற்றும் குறையும். ஆகவே தயாரிப்பாளர் தரும் வேக வரம்புக்குக் கீழ் எல்லையும் உண்டு.